தாத்தாவிடம் அறிவுரை கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. வேலூர் பக்கத்துக் கிராமம். 1967இல் பட்டாளத்தில் சேர்ந்தார், பெங்களூர் எம்.இ.ஜி. 1971 போரின்போது மேற்கு எல்லையில் இருந்தார். 1984இல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, பிறகு ஒரு வங்கியில் காவலராக வேலை பார்த்தார். பத்தாவது படிக்கும் என் மகனுக்கு 'முன்னாள் படைவீரர் ஒருவரிடமிருந்து வாழ்க்கைப் பாடங்கள்' என்று பள்ளியில் ப்ராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். தாத்தாவிடம் கேட்டால் "ஒழுங்கு, நேரம் தவறாமை, நாட்டுப்பற்று" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறார். ஒரு நாள் மகன் விடாமல் கேட்கவே பேச ஆரம்பித்தார். கூட இருந்த ஒருவரின் பெயரைச் சொன்னதும் அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை. "பழசையெல்லாம் கிளறாதே" என்று அம்மா என்னைத் திட்டுகிறார். அப்பாவுக்குப் பிறகு இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் போய்விடுமே என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது. கேட்பது சரியா? எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவு செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்பது சரிதான். கேட்கிற விதத்தைத்தான் மாற்ற வேண்டும். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

முதலில் மகனின் கேள்வித்தாளை ஓரமாக வைத்துவிடுங்கள். "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்டால் எந்தப் பட்டாளத்துக்காரரிடமிருந்தும் அந்த மூன்று வார்த்தைதான் வரும். அவர் மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். பள்ளிக் கொடியேற்றத்திலும் ஊர்க் கூட்டத்திலும் இதே கேள்வியை அவரிடம் பலரும் கேட்டிருப்பார்கள். சொல்லிச் சொல்லி அந்தப் பதில் மனப்பாடமாகியிருக்கும். பாடம் இருப்பது அவர் கை செய்த வேலையில். வேலையைக் கேட்டால் பாடம் தானாக வரும். அதை எடுத்துச் சொல்வது கேட்பவரின் பொறுப்பு, தாத்தாவின் பொறுப்பல்ல.

எம்.இ.ஜி. என்றால் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், அதாவது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்னும் ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு. ராணுவத்தில் இவர்களைத் 'தம்பி' என்றே கூப்பிடுவார்கள். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. 1971 டிசம்பர் 15, 16 தேதிகளில் பாகிஸ்தானின் ஷக்கர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றை டாங்கிகள் தாண்டுவதற்காகக் கண்ணிவயலுக்குள் வழி திறந்தது இவர்களுடைய 9ஆவது எஞ்சினியர் ரெஜிமெண்ட்தான். வேலை முழுதாக முடியும் முன்பே, எதிரி டாங்கிகள் வருகின்றன என்ற செய்தி கேட்டு, பூனா ஹார்ஸ் என்ற நம் படைப்பிரிவின் டாங்கிகள் அந்தக் கண்ணிவயலுக்குள் புகுந்து போயின. உங்கள் அப்பா இருந்தது அந்த ரெஜிமெண்டா வேறொன்றா என்று கடிதத்தில் இல்லை. எதுவானாலும், கண்ணி எடுக்கப் பழகாத சாப்பர் கிடையாது.

"கண்ணி எடுக்கும்போது பொறுமை வேணும்" என்று அவர் சொல்கிறார் என்று வையுங்கள். மகன் 'பொறுமை' என்று நோட்டில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் எல்லாம் போயிற்று. அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். கையில என்ன இருந்துச்சு தாத்தா? எவ்வளவு நீளம்? குத்தும்போது நேரா குத்துவீங்களா, சாய்ச்சா? படுத்துக்கிட்டா, முட்டி போட்டா? பக்கத்து ஆள் எவ்வளவு தூரத்துல இருப்பாரு? ஒரு ஆள் எவ்வளவு நேரம் குத்துவாரு, அப்புறம் யார் வருவாங்க?

இப்படிக் கேட்டால் கதவு திறக்கும். மண்ணுக்குள் கண்ணியைத் தேடும் கம்பியான குத்தூசியை மேலிருந்து நேராகக் குத்தினால் அது கண்ணியின் தலையில் அழுந்தும், சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் தொடும் என்று கையை வைத்தே காட்டுவார். திறந்த வழியின் ஓரத்தில் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிறவன் நாடாவைத் தாண்டக் கூடாது. குத்துகிறவனைச் சீக்கிரமே மாற்றிவிடுவார்கள், ஏனென்றால் களைத்த கை அழுத்திக் குத்தும். கையைத் தூக்கி "எனக்கு முடியல, ஆள் மாத்துங்க" என்று சொல்வது அங்கே கோழைத்தனம் இல்லை, வேலையின் ஒரு பகுதி. பொதுத்தேர்வுக்கு ராத்திரி இரண்டு மணி வரை கண் விழிக்கும் பையனுக்கு 'பொறுமை வேண்டும்' என்ற வாக்கியத்தைவிட இது நூறு மடங்கு பயன்படும். அது தாத்தாவின் வாயிலிருந்து அறிவுரையாக வராது. குத்தூசியைப் பற்றிக் கேட்டால்தான் வரும்.

'ஏன்' என்று தொடங்கும் கேள்விகளைக் குறையுங்கள். 'ஏன் அப்படிச் செஞ்சீங்க?' என்பது விசாரணை போலக் காதில் விழும், பதிலும் தற்காப்பாக வரும். 'எப்படி', 'எங்க', 'யாரோட', 'அப்புறம்' என்பவை நல்லவை. "பயமா இருந்துச்சா?" என்று முதல் இரண்டு மூன்று உட்காரலில் கேட்க வேண்டாம். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று எப்போதுமே கேட்கக் கூடாது. பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்வியைப் போடாமல் மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். நல்ல விஷயங்கள் பெரும்பாலும் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில்தான் வெளிவருகின்றன.

போரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். உங்கள் அப்பா போரில் இருந்தது இரண்டு வாரம், பட்டாளத்தில் இருந்தது 17 வருஷம். ஆள் எடுக்கும் இடத்தில் மார்பளவு எடுத்தது, முதன்முதலாக ரயில் ஏறியது, லங்கரில் (பட்டாளச் சாப்பாட்டுக்கூடத்தில்) ரொட்டியைப் பார்த்து முழித்தது, இந்தி பேசப் பழகியது, டிரங்குப் பெட்டியில் யார் வெள்ளை பெயிண்டால் பெயரும் நம்பரும் எழுதியது, முதல் மணியார்டர் எவ்வளவு, லீவு முடிந்து கிளம்பும்போது ஊர் எல்லை வரை யார் வந்தார்கள்: இவற்றில் இரண்டு நாள் ஓடட்டும். போர் வந்தால் அதன் இடத்தில் தானே வரும்.

இன்னொரு பகுதியைப் பெரும்பாலான குடும்பங்கள் கேட்பதே இல்லை. என் கணக்கில் அதுதான் மிகவும் கனமானது: பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த பிறகு என்ன ஆயிற்று? 1984இல் அவருக்கு 35 வயது. அதுவரை அவர் சொன்னால் நாலு பேர் ஓடுவார்கள். அடுத்த நாளிலிருந்து ரேஷன் கடையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும், வங்கி வாசலில் தன்னைவிடச் சின்ன வயதுக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த முதல் வருஷத்தை எப்படிச் சமாளித்தார்? "வீட்டுல எடுபடாத பட்டாளப் பழக்கம் எதுப்பா?" என்று நீங்களே கேளுங்கள், மகள் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டு சொல்ல வாய்ப்புண்டு. விசில் அடித்துப் பிள்ளைகளை எழுப்பியது, தட்டில் மிச்சம் வைத்தால் கத்தியது, அப்புறம் எதை எப்போது விட்டார் என்பதெல்லாம் வெளியே வரும். வேலை மாறி, ஊர் மாறி, பதவி இல்லாமல் நிற்கும் நிலை எல்லோருக்கும் ஒரு நாள் வரும். அதைக் கடந்த மனிதர் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

பாடம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. "நான் பயப்படல, அதான் பொழச்சேன்" என்று யார் சொன்னாலும் மகன் அதைப் பாடமாக எழுத வேண்டாம். பயப்படாமல் போய்த் திரும்பி வராதவர்களும் இருந்தார்கள், அவர்களைக் கேட்க முடியாது. பிழைத்ததற்கு அதிர்ஷ்டமும் ஒரு காரணம் என்று படைவீரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர்கள் மனம் உறுத்துவதும் பல நேரம் அங்கேதான். 'தைரியம் காப்பாற்றியது' என்ற வாக்கியத்தை விட்டுவிட்டு, யார் யாரைக் காப்பாற்றினார்கள், எப்படி என்று எழுதட்டும்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். பெயரைச் சொன்னதும் எழுந்து போனாரே, அது கோபம் இல்லை. 50 வருஷத்துக்கு மேல் ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தவர் சொல்லிவிட்டார், சொன்னதும் அந்த இடம் கண் முன்னே வந்துவிட்டது. அடுத்த முறை அப்படி நேர்ந்தால் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். "அழாதீங்க", "அதெல்லாம் பழசு விடுங்க" என்று சொல்லாதீர்கள். பின்னாலிருந்து போய்த் தோளைத் தொடாதீர்கள். எதிரே, அவர் பார்வைக்குத் தெரியும்படி இருந்து, "அப்பா, இங்க நிறுத்திக்கலாமா, கொஞ்சம் இருக்கட்டுமா? நீங்க சொல்றபடி" என்று கேளுங்கள். முடிவு அவர் கையில் இருப்பதுதான் முக்கியம். நிறுத்தச் சொன்னால் அவர் பார்க்கவே ரிக்கார்டரை அணையுங்கள். தண்ணீர் கொடுங்கள். மாட்டுக்குத் தீனி வைத்தாயிற்றா, மோட்டார் எப்போது போட வேண்டும் என்று இன்றைய வேலைக்குப் பேச்சைக் கொண்டுவாருங்கள். எந்த நாளும் கனமான இடத்தில் முடிக்கக் கூடாது. கடைசிப் பத்து நிமிஷத்தை லீவு ரயில் பயணம், கால்பந்து மேட்ச், கேன்டீன் போன்றவற்றுக்கு ஒதுக்குங்கள்.

நேரம் காலைப் பலகாரத்துக்குப் பிறகு, பத்து மணிவாக்கில். 45 நிமிஷம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். சாயங்காலம் வேண்டாம், கிளறிய நினைவு நேராகத் தூக்கத்துக்குள் போகும். இரண்டு உட்காரலுக்கு நடுவில் மூன்று நான்கு நாள் இடைவெளி விடுங்கள். டிசம்பர் 3 முதல் 17 வரை புதிதாக ஆரம்பிக்க வேண்டாம், 1971 போர் நடந்த அந்தத் தேதிகளில் பலருக்கு மனம் அலைபாயும். ராத்திரி அவர் தூக்கத்தில் கத்தினால் உலுக்கி எழுப்பாமல், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

ஒரு ராத்திரி சாப்பிடாமல் இருந்தது கவலைப்பட வேண்டிய அறிகுறி அல்ல. பேசிய பிறகு இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தால், தினமும் கெட்ட கனவு வந்தால், குடி கூடினால், யாரிடமும் பேசாமல் ஒதுங்கினால் பதிவை நிறுத்திவிட்டு முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் காட்டி, மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

அம்மா ஏன் தடுக்கிறார் என்றால், அந்த ராத்திரிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்தான். எந்தப் பேச்சு எடுத்தால் அப்பா எப்படி ஆவார் என்பது அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு முறையும் முன்னதாக அவரிடம் கேளுங்கள்: "இன்னைக்கு என்ன கேட்கலாம், எதைத் தொடக் கூடாது?" இன்னொன்றும் செய்யுங்கள். அம்மாவையும் தனியாக உட்காரவைத்துப் பதிவு செய்யுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவரை நம்பி வீட்டை நடத்தியது, மணியார்டர் தாமதமான மாதம் அரிசிக்கு என்ன செய்தார், பிரசவத்துக்கு யார் துணை, கடிதம் படிக்க யாரிடம் கொண்டுபோனார் என்பதெல்லாம் பட்டாள வரலாறுதான். பட்டாளத்துக்காரரின் பாடத்தில் பாதி அவர் மனைவியிடம் இருக்கிறது. அதை எந்தப் பள்ளி ப்ராஜெக்டும் கேட்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பதிவுக்கு உங்கள் போனே போதும். கூடவே சட்டையில் குத்திக்கொள்ளும் கம்பி மைக் ஒன்று வாங்குங்கள். முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்த வேண்டும், துண்டு அதன் மேல் உரசக் கூடாது. போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இல்லையென்றால் முக்கியமான இடத்தில் யாராவது கூப்பிட்டுப் பதிவு அறுந்துவிடும். ரிக்கார்டிங் ஆப்பில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிபிக்குச் சற்று மேலே ஆகும், இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். டைல்ஸ் போட்ட ஹாலில் எதிரொலி வரும். மெத்தை, துணி இருக்கும் படுக்கையறை நல்லது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், வேர்த்தால் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஓடவிடலாம். குக்கர் விசிலும் ஃப்ரிட்ஜின் உறுமலும் காதுக்குப் பழகிப்போனவை, பதிவில் பூதாகாரமாகக் கேட்கும். ஒரு நிமிஷம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வெடிச் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் மகன் உட்கார்ந்து, வாய் தெரியும்படி நிதானமாகப் பேசட்டும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்று சொல்லிவிடுங்கள். முடிந்த அன்றே மூன்று பிரதி: கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் தம்பி வீட்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பிரதியாகக் கணக்கில் வைக்காதீர்கள், எந்தப் போனில் எப்போது அழியும் என்று சொல்ல முடியாது. முழுதாக எழுத்தில் இறக்க ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரமாவது பிடிக்கும். பெரும்பாலான வீட்டு முயற்சிகள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. '12ஆவது நிமிஷம்: முதல் ரயில் பயணம்' என்று நோட்டில் குறித்துக்கொண்டு போனால் போதும்.

வீட்டிலேயே சாட்சிகள் இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, பதக்கங்கள் இருக்கும். 1971 போர்ப் பதக்கங்களில் பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு. வட்டமான பதக்கங்களின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: நம்பர், பதவி, பெயர் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். அப்பா பிராஸோ எடுத்துவந்து தேய்க்கக் கிளம்புவார், அன்போடு தடுத்துவிடுங்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த எழுத்து கரைகிறது. பழைய இன்லேண்ட் கடிதம் கிடைத்தால் முகவரியைப் பாருங்கள், ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம்: 56 ஏ.பி.ஓ. பெரும்பாலும் மேற்கு, வடக்குப் பகுதிகளுக்கு, 99 ஏ.பி.ஓ. கிழக்குக்கு. கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். ஜன்னலோர வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்துவிட்டு, அமிலமில்லாத காகித உறையில் வையுங்கள்.

அப்பா சொல்வதும் காகிதமும் ஒத்துப்போகாமல் இருந்தால் அவர் பேசும்போது திருத்தாதீர்கள். "16ஆம் தேதியோட சண்டை நின்னுச்சு" என்று சொல்லலாம். டிசம்பர் 16 டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். மேற்கில் சண்டை நின்றது 17ஆம் தேதி இரவு 8 மணிக்கு. வருஷாவருஷம் 16ஆம் தேதி வெற்றி விழா கொண்டாடுவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். அது பொய் இல்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்யும். மகன் ஓரத்தில் சரியான தேதியைக் குறித்துக்கொண்டால் போதும். சினிமாவில் பார்த்த காட்சி சொந்த நினைவோடு கலப்பதும் உண்டு. வசனம் போல அழகாக ஒரு வாக்கியம் வந்தால், அப்போது நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள், யார் பக்கத்தில் என்று மெதுவாகக் கேளுங்கள்.

பள்ளிக்கு முழுப் பதிவையும் கொடுக்க வேண்டாம். அப்பா கேட்டுச் சம்மதித்த ஐந்து நிமிஷம் போதும். எதை யாருக்குக் காட்டலாம் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், சொந்த அப்பாவாக இருந்தாலும். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை ஆகியவற்றின் படத்தைக் குடும்பக் குழுவில்கூடப் போடாதீர்கள். ஆயுள் சான்று புதுப்பிக்கிறோம் என்று பென்ஷன்காரர்களைக் கூப்பிட்டு ஏமாற்றுகிறவர்களுக்கு அந்த எண்கள்தான் வேண்டும். இறந்தவர்கள் எப்படி இறந்தார்கள் என்ற விவரம் அவர்கள் வீட்டாருக்கே தெரியாமல் இருக்கலாம், ஆகையால் அந்தப் பெயர்கள் ப்ராஜெக்டில் வேண்டாம். முழுப் பதிவு வீட்டில் இருக்கட்டும். பின்னாளில் பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி தர அப்பா விரும்பினால், எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். முதல் நாள் ரிக்கார்டர் வேண்டாம், நோட்டும் வேண்டாம். பெட்டியை அவரே திறக்கட்டும், ஒவ்வொன்றாக அவரே எடுக்கட்டும். வரிசையாக நின்று எடுத்த குரூப் போட்டோ ஒன்று கட்டாயம் இருக்கும். பேரனிடம் கொடுத்து, "மேல் வரிசை இடது பக்கத்துலருந்து சொல்லுங்க தாத்தா" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல மனசில் வைத்துக்கொண்டு, பிறகு ஒரு தாளில் வரிசைப்படி பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். நடுவில் ஒரு முகத்தை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போனார் என்றால் கேட்க வேண்டாம். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, காலியாக விட்டுவிடச் சொல்லுங்கள்.